பிந்தி வந்த நிழல்

ஒத்தமேட்டு உப்பளத்தில் பிரகாசியின் தலைக்கு மேல் மரமில்லாத ஒரு மரநிழல் வந்து நின்றது, அவள் புருசன் இஞ்ஞாசியின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சிப்பொழுதில், அவள் பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தபோது. அதைப் பார்த்து முதலில் சத்தம் போட்டவர் கங்காணி வெள்ளத்துரை. அதுவும் அதிசயத்தைக் கண்ட சத்தமில்லை, வேலை கெடுகிறதே என்ற சத்தம்.

"யாருல அது, பாத்திக்கு மேல தார்ப்பாயக் கட்டுனது?"

தார்ப்பாய் எங்கேயும் இல்லை, வானத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட மேகம் இல்லை, கடல் தொடங்குகிற இடம்வரைக்கும் வெள்ளை வெளேரென்று பாத்திகள்தான் கிடந்தன, அந்த வெள்ளையின் நடுவில் கிளையும் கொப்பும் இலையுமாக ஒரு பெரிய மரத்தின் நிழல் மட்டும் பிரகாசியைச் சுற்றி விழுந்து கிடந்தது. காற்றடித்தால் இலைகள் அசைந்தன, அவள் வரப்பில் ஏறினால் அதுவும் ஏறியது, அவள் ஓடிப் பார்த்தாள், அதுவும் ஓடியது, அவள் களைத்துப்போய் நின்றாள், அதுவும் நின்றது. முதலில் அதற்குள் காலை வைத்தவள் மிக்கேலம்மாள். அவள் இஞ்ஞாசியின் அக்காள், பிரகாசிக்கு மைனி, வாயைத் திறந்தால் வசவும் கையைத் திறந்தால் சோறுமாக வாழ்கிறவள்.

"அடி ஆத்தே, எப்பிடிக் குளுந்து கெடக்கு! ஏட்டி, கொஞ்சம் நவுந்து நில்லு, நானும் வாரேன்."

அந்த வாரம் முடிவதற்குள் நிழல் ஒத்தமேட்டின் மற்ற சாமான்களில் ஒன்றாகிவிட்டது. மத்தியானக் கஞ்சிக்கு எல்லோரும் பிரகாசியைத் தேடி வந்தார்கள், கைப்பிள்ளைக்காரிகள் உள்பக்கம், பீடி குடிக்கிறவர்கள் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் என்று யாரும் சொல்லாமலே உட்காரும் இடங்கள் வகுக்கப்பட்டன, கரையிலிருந்து மீன்பிடிக்காரர்கள் கிழிந்த வலைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்து தைத்தார்கள், ஆடுகள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு ஏமாந்து போயின. சில நேரம் நிழலுக்குள் பறவைகளின் நிழல்கள் வந்து உட்கார்ந்து தலையைச் சிலுப்பிக்கொள்ளும்; எச்சம் போடாத பறவைகள் என்பதால் பெண்களுக்கு அவற்றின்மேல் தனி மரியாதை. என்ன மரம் என்பதில்தான் தகராறு வந்தது. உடைமுள்ளைத் தவிர எதுவும் முளைக்காத ஊர் அது, யாருக்கும் மரத்தைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது, தெரியாத காரணத்தால் எல்லோரும் அடித்துப் பேசினார்கள். வேம்பு என்றது ஒரு கட்சி, ஆல் என்றது இன்னொன்று. தெற்கே நீண்ட ஒரு தாழ்ந்த கிளையில் ஏதோ ஒன்று தொங்கி ஆடிக்கொண்டிருந்தது, அது பலாப்பழம்தான், ஆகையால் இது பலாமரம்தான் என்றார் வெள்ளத்துரை. குளவிக்கூடு என்றாள் மிக்கேலம்மாள். கொஞ்ச நாளில் அந்தத் தொங்கலைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.

நிழல் எதற்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வெயிலிடம் காரணம் கேட்டுப் பழகாதவர்கள் நிழலிடம் மட்டும் கேட்பார்களா? பிரகாசி ஒருத்திதான் கேட்டாள். அவளுக்குக் கேட்க நியாயம் இருந்தது.

போன மாதம் இதே பாத்தியில், இதே உச்சி வெயிலில், இஞ்ஞாசி வாருபலகையோடு சுருண்டு விழுந்தான். அவனை வரப்பில் இழுத்துப் போட்டுவிட்டு அவள் நாலு பக்கமும் பார்த்தாள், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உப்பும் வெளிச்சமும்தான், ஒரு செடி இல்லை, ஒரு சுவர் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உப்பு லாரி வந்து சேரும்வரைக்கும் அவள் தன் முதுகால் வெயிலை மறைத்துக்கொண்டு அவன் முகத்துக்கு மேல் குனிந்தே நின்றாள், முதுகு போதவில்லை. "ஆண்டவரே, ஒரு மொறம் நெழல் குடும், ஒரே ஒரு மொறம்" என்று அவள் கத்தியதைக் கடற்கரைவரைக்கும் கேட்டிருக்கிறார்கள். லாரி வந்தபோது அவன் போயிருந்தான். அவனுடைய தூக்குச்சட்டியை மிக்கேலம்மாள்தான் வரப்பிலிருந்து எடுத்து வந்து வீட்டில் ஆணியில் மாட்டினாள். கஞ்சியைக் குடிக்காமலே போய்விட்டானே என்ற நினைப்பில் பிரகாசி அதை அதற்குப் பிறகு தொடவே இல்லை. பிள்ளைகளும் கிடையாது. வீட்டில் அவளும் அந்தச் சட்டியும்தான்.

"கடவுள் ஒன்னக் கைவிடல பாத்தியா" என்று நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள் சொல்வார்கள்.

"அன்னைக்கு ஒரு மொறந்தான் கேட்டேன்" என்பாள் பிரகாசி. "அன்னைக்கு வராத நெழலு இன்னைக்கு எதுக்கு?"

உடனே அவர்கள் ஊறுகாயைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அத்தனை பேர் கூடியிருந்தும் அவளை ஒட்டி ஒருவரும் உட்காரவில்லை. ஒதுக்கிவைத்ததாகச் சொல்ல முடியாது, ஒரு மரியாதைதான். மரத்தின் தூர் இருக்கவேண்டிய இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், தூரோடு யார் பேச்சுக் கொடுப்பார்கள்? ஊரே அவளைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துப் பேசிக் கலைந்து போகும், அவள் மட்டும் நடுவில் யாருமில்லாமல் இருப்பாள்.

இதற்குள் இன்னொன்று தெரிய வந்தது. அவள் இறங்குகிற பாத்தியில் உப்பு விளையவில்லை. மற்ற பாத்திகளில் கல்லு கல்லாக உப்பு பூத்துக் கிடக்க, அவளுடையது மட்டும் மழைக்குட்டை போலத் தண்ணீராகவே கிடந்தது. வெள்ளத்துரை ஒரு மத்தியானம் வந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா பிரகாசி, தப்பா நெனைக்காத. வெயிலு படாம உப்பு எப்பிடி வெளையும், நீயே சொல்லு."

"நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி? கழத்தி வைக்கிற சாமானா இது?"

"தெரியும்மா. மொதலாளிகிட்ட பேசிப் பாத்துட்டேன். மூட்ட தைக்கிற கொட்டகையிலயாவது போடுவோம்னா, அங்கயும் மிஷின் வந்துட்டு. இந்த நெழலு போன மறுநாளு வா. மொதப் பாத்தி ஒனக்குத்தான், இது என் வாக்கு."

இதையெல்லாம் அவர் நிழலுக்குள் நின்றுகொண்டுதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

பிரகாசி நேராகச் சந்தியாகப்பர் கோயிலுக்குப் போனாள். சாமியார் வெளியே வந்தார், நிழலுக்குள் வந்ததும் அங்கியின் கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

"சாமி, இத என்ன விட்டுப் போவச் சொல்லி ஒரு செபம் பண்ணுங்க."

"நல்ல நெழலாத்தானம்மா இருக்கு."

"இந்த நெழலால எனக்குச் சோறு இல்ல சாமி. அவரு சாவும்போது வரல. இப்போ வந்து என் வேலையவும் பறிச்சிட்டு. இது என்ன கணக்கு?"

சாமியார் கையிலிருந்த செபப் புத்தகத்தைப் புரட்டினார், பிறகு மூடினார். "நெழலப் போகச் சொல்லுத செபம் இதுல இல்லம்மா. எதுக்கு வந்துச்சின்னும் எனக்கு வெளங்கல. வெளங்குன மாதிரிப் பேசவும் எனக்கு வரல. ரெண்டு பேருமா முழங்கால் போடுவோம், வா."

முற்றத்து மணலில் இருவரும் முழங்காலில் நின்றார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான் என்பதால் அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் எழுந்து வீட்டுக்கு நடந்தபோது நிழலும் எழுந்து கூடவே நடந்தது.

மேட்டின் உச்சியில், பாத்திகளுக்கு நேர் மேலே இருந்தது அவள் வீடு. வேலை போன பிறகு அவள் முற்றத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், நிழலும் உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை, மத்தியானத்தில் மேடேறி வந்தார்கள். பக்கத்து ஊர்களுக்குச் சேதி போயிற்று. அந்தப் பக்கத்தில் உடம்பில் பாலுண்ணியோ சொறியோ வந்தால் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டி நேர்ச்சை செலுத்துவார்கள். நிழலுக்கும் அதையே செய்தார்கள். உப்பு விளையும் ஊர்க்காரர்கள் சும்மா பொட்டலமாகவா கொண்டுவருவார்கள்? பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். முற்றம் இன்னொரு பாத்தி மாதிரி வெளுத்தது.

மிக்கேலம்மாள் தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் கஞ்சியோடு வருவாள். "குடி. ஆண்டவரு பாத்துக்கிடுவாரு."

"ஆண்டவரு எங்க பாத்தாரு? நீங்கல்லா மைனி பாக்கிய."

"நான் எங்கட்டி பாக்கேன்? ஒலையில அரிசி போடும்போது ரெண்டு கை கூட விழுந்துருது. நான் போடல, அதுவா விழுது. மிஞ்சினத நாய்க்கா போட?"

வலைக்காரர்கள் போகும்போது ஆளுக்கு இரண்டு மீனை முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார்கள், இருக்கிற வலையில் கொஞ்சம் தைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் தைத்தாள், குடித்தாள், உண்டாள், உயிரோடு இருந்தாள். இதையெல்லாம் ஆண்டவர் கணக்கில் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. இராத்திரி விளக்கை அணைக்கும்போது ஆணியில் தொங்கும் சட்டியைப் பார்ப்பாள், தொடாமல் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது, கார்த்திகை முழுக்கப் பெய்து முற்றத்து உப்பையெல்லாம் கரைத்து இறக்கிக் கடலுக்கே கொண்டுபோயிற்று. மழை விட்டதும், அவள் வழக்கமாக உட்காரும் அதே இடத்தில், அவளுக்கு உட்கார இடமில்லாதபடி ஒரு முளை நின்றது. இரண்டே இலைகள். என்ன செடி என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மழை ஓய்ந்ததும் நேர்ச்சைக்காரர்கள் உப்புப் பெட்டிகளோடு திரும்பவும் மேடேறினார்கள். அவள் எழுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"உப்பு வேண்டாம். இங்க உப்பு கொட்டாதிய."

"ஏன், எங்க நேர்ச்ச ஒனக்கு எளப்பமாப் போச்சா?"

"செடி பட்டுப்போவும்."

அவர்கள் செடியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை பெரிய நிழலை வைத்துக்கொண்டு விரல் அளவு செடிக்காகச் சாமி காரியத்தைத் தடுக்கிறாள், நிழல் தலைக்கேறிவிட்டது என்று பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். போனவர்கள் மத்தியானக் கஞ்சிக்கும் வரவில்லை. அவர்களைப் பார்த்து ஒத்தமேட்டுக்காரர்களும் வரவில்லை; தண்ணீர் லாரியிடம் வரிசையில் நிற்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெறும் முற்றத்தில் அவ்வளவு பெரிய நிழலுக்கு அடியில் அவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முன்பு கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருந்தாள், இப்போது கூட்டமும் இல்லை. எது மோசம் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

தை பிறந்து வெள்ளத்துரை வந்தார். "பாத்தி மிதிக்க ஆளு வேணும் பிரகாசி. மிதிக்கிறதுக்கு வெயிலு எதுக்கு? உப்பு எறங்குற வரைக்கும் ஒனக்கு வேலை இருக்கு. வாரியா?"

உப்புக் காலம் தொடங்குமுன் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அவள் போனாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. காலையில் வரிசையில் நின்று மற்றவர்களோடு சேர்ந்து மிதித்தபோது, பேசாதவர்கள்கூட அவள் பக்கத்தில் வந்து நின்று மிதித்தார்கள், அவளுக்கு அழுகை வரும்போல் சந்தோசமாக இருந்தது. உச்சிப்பொழுது ஆயிற்று. நிழல் அவள்மேல் குளிர்ச்சியாகக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, நிழல் இங்கே இருந்தால் மேட்டில் இல்லை, இரண்டு இலையும் மொட்டை வெயிலில் நிற்கிறது என்று. முதுகால் மறைக்கக்கூட அங்கே ஆள் இல்லை.

அவள் ஓடினாள். வெள்ளைத் தரைமேல் ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட, அவளுக்கு மேலே ஒரு பெரிய மரத்தின் நிழல், கிளைகள் குலுங்க, தெற்குக் கொப்பில் அந்தத் தொங்கல் தாறுமாறாக ஆட, வரப்பு வரப்பாகத் தாண்டி ஓடியதை ஒத்தமேட்டுக்காரர்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செடி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை ஊற்றினாள், மீதியையும் ஊற்றினாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாயும்போது இலைகள் நிமிர்ந்தன.

"நீரு இத எதுக்கு வச்சிருக்கீருன்னு எனக்குத் தெரியாது" என்றாள், செடியையும் பார்க்காமல் வானத்தையும் பார்க்காமல். "எம்மேல ஒமக்கு என்ன நெனப்புன்னும் தெரியாது. ஆனா நீரு வச்சது இது. அது மட்டும் தெரியுது. நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் அவள் மிதிக்கப் போகவில்லை. அந்தக் கோடையும் போகவில்லை, அதற்கடுத்த கோடையிலும் அந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. வலை தைத்தாள், குடிக்கும் தண்ணீரைச் செடியோடு பங்கு வைத்தாள், மிக்கேலம்மாளின் உலையில் அரிசி தானாக விழுந்துகொண்டே இருந்தது. செடி பூவரசு என்று தெரிந்தது, எல்லாக் கட்சியும் தோற்றதால் யாருக்கும் வருத்தமில்லை. ஊர்க் கோபம் எப்போது போயிற்று என்று யாருக்கும் நினைவில்லை, ஒரு வெயில் நாளில் பழையபடி கஞ்சியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வருசத்துக்கு வருசம் மரம் நிழலுக்குள் வளர்ந்தது, முன்கூட்டியே தைத்து வைத்த சட்டைக்குள் பிள்ளை வளர்வதுபோலக் கிளை கிளையாக அந்த நிழலை நிரப்பியது, கோணல் இருந்த இடத்தில் கோணலாகவே போயிற்று, ஒரு புயலில் வடக்குக் கொப்பு முறிந்தபோது பார்த்தால் நிழலில் முதல் நாளிலிருந்தே அந்த இடம் மொட்டையாகத்தான் இருந்திருக்கிறது.

நிழல் முழுக்க நிரம்பிய வருசம், ஒரு காலையில் பிரகாசி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு இறங்கினாள். பாதி வழியில் உச்சந்தலை சுட்டது. திரும்பிப் பார்த்தாள். நிழல் வரவில்லை, மரத்தடியிலேயே நின்றுவிட்டது. போ போ என்று இத்தனை வருசம் கெஞ்சியவள்தான், இப்போது நடு வழியில் குடத்தை வைத்துவிட்டுத் திக்கற்றவளாக நின்றாள். புருசன் போன அன்றைக்கு அப்புறம் அவ்வளவு தனியாக அவள் நின்றதில்லை.

வெள்ளத்துரை வாக்குத் தவறவில்லை, முதல் பாத்தியைக் கொடுத்தார். அவள் பாத்தியில் உப்பு விளைந்தது. வாரும்போது இடையிடையே அண்ணாந்து பார்த்துக்கொள்வாள், அங்கே வெயில்தான் இருக்கும். கஞ்சி குடிக்க இனி மேடேற வேண்டியிருக்கிறதே என்று ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு ஏறப் பழகிக்கொண்டார்கள். ஒரு சங்கதி மட்டும் ஒட்டாமல் நின்றது. மரத்தில் உள்ளதெல்லாம் நிழலில் இருந்தது, ஆனால் நிழலில் இருந்த ஒன்று மரத்தில் இல்லை. தெற்குக் கொப்பின் நிழலில் அந்தத் தொங்கல் ஆடிக்கொண்டிருந்தது, மேலே பார்த்தால் வெறும் கொப்பு. பலாப்பழம் இனி இல்லை என்று வெள்ளத்துரையே ஒத்துக்கொண்டார்.

பிறகொரு சித்திரையில், உச்சி வெயிலில், இஞ்ஞாசி விழுந்த அதே பாத்தியில் மிக்கேலம்மாள் விழுந்தாள். அக்காளும் தம்பியைப் போலவே சத்தமில்லாமல் சுருண்டாள். பிரகாசி வாருபலகையை எறிந்துவிட்டு ஓடிவந்து தூக்கினாள், இந்தத் தடவை நாலு பக்கமும் பார்க்கவில்லை. "மேட்டுக்கு! மேட்டுக்குத் தூக்குங்க அண்ணாச்சி!" வெள்ளத்துரை தலைமாட்டையும் மற்றவர்கள் கால்மாட்டையும் பிடித்துக்கொள்ள மேடேறி ஓடினார்கள், பூவரசின் அடியில் கிடத்தினார்கள். பிரகாசி தண்ணீருக்கு வீட்டுக்குள் பாய்ந்தாள். செம்பும் சட்டியும் காலையில் கழுவிப்போட்ட இடத்தில் இல்லை, இருந்திருக்கும், அவள் கண்ணுக்கு அகப்படவில்லை, அகப்பட்டது ஆணியில் தொங்கிய தூக்குச்சட்டி ஒன்றுதான். இத்தனை வருசம் தொடாததை இழுத்தெடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. காய்ந்த பருக்கைகூட இல்லை. அவன் அன்றைக்குக் கஞ்சியை ஒட்ட வழித்துக் குடித்துவிட்டுத்தான் பாத்தியில் இறங்கியிருக்கிறான்.

அதற்காக அழ நேரமில்லை. பானையில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். முகத்தில் அடித்தாள், கழுத்தை நனைத்தாள், உதட்டை நனைத்தாள். மைனியின் தலையைத் தூக்கி மடியில் வைக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் சட்டியைக் கைக்கு எட்டிய கொப்பில் மாட்டினாள். எல்லோரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். மேலே இலைகள்தான் சலசலத்தன.

"ஏட்டி," என்றாள் மிக்கேலம்மாள் கண்ணைத் திறக்காமலே, "இப்பிடியா ஊத்துவ, மூக்குக்குள்ள போவுதுல்லா."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள், வெள்ளத்துரை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வியர்வை என்றார். பிரகாசி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்குக் கொப்பின் நிழலில் அந்தத் தொங்கல் ஆடிக்கொண்டிருந்தது. மேலே, அதே கொப்பில், இஞ்ஞாசியின் தூக்குச்சட்டி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றாக ஆடின, ஒன்றாக நின்றன. தரையில் ஒரே ஒரு நிழல்தான் இருந்தது. புதிதாக எதுவும் விழவில்லை.

"என்னட்டி அழுத? நாந்தான் சாவலியே" என்றாள் மிக்கேலம்மாள்.

"ஒண்ணுமில்ல மைனி."

சாயங்காலம் எல்லோரும் இறங்கிப் போனார்கள், மிக்கேலம்மாளையும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். பிரகாசி சட்டியை எடுக்கக் கையைத் தூக்கினாள், பிறகு எடுக்காமலே விட்டுவிட்டு, முன்பு உட்காரும் இடத்தில் தூரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கீழே பாத்திகள் சிவந்து கிடந்தன. நிழல் முற்றத்தைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, அவன் விழுந்த பாத்தி வரைக்கும் நீண்டிருந்தது. பேச யாருமில்லை.

"ஒரு மொறந்தானே கேட்டேன்" என்றாள்.